பாட்டாவும் டபுள் டெக்கரும்

நாகர்கோவில்காரனுக்குப் பட்டணம் ரெண்டு. ரேஷன் கார்டுப்படி பார்த்தா சென்னை, அது ஒரு ராத்திரி தூரம். பழக்கத்தில் பார்த்தா திருவனந்தபுரம், காலையில வடசேரியில் பஸ் ஏறினா சாயா குடிக்கிற நேரத்துக்குத் தம்பானூர்ல இறங்கிடலாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, பிளேன் ஏறணுமா, மிருகக்காட்சி சாலையில புலி பார்க்கணுமா, எல்லாத்துக்கும் வடக்கே பார்த்துத்தான் ஓடுவோம்.

எனக்குத் திருவனந்தபுரம்னா புலி ஞாபகம் வராது. டபுள் டெக்கர்தான் வரும். அந்த வண்டியோட கதையை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன். தோண்டிப் பார்த்தா அது எங்க ஊர்க் கதையாவும் எங்க வீட்டுக் கதையாவும் போய் முடியுது.

எனக்கு ஏழு வயசு இருக்கும். எங்க பாட்டா (அம்மாவோட அப்பா, சுசீந்திரம்காரர்) கண் காட்டுறதுக்காகத் திருவனந்தபுரம் போனார். துணைக்கு நான். யாருக்கு யார் துணைன்னு கேட்கப்படாது :-) கண்ணுல மருந்து விட்டு, ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சதும் பாட்டா நேரா வீட்டுக்குத் திரும்பல. கிழக்கேகோட்டைக்குக் கூட்டிட்டுப் போனார். பத்மநாபசாமி கோவில் பக்கத்துல, சிவப்பா, ஒரு மாடி வீடு மாதிரி அந்த வண்டி நின்னுது. சங்குமுகம் போற கேஎஸ்ஆர்டிசி டபுள் டெக்கர்.

"மேல ஏறு மக்கா, முன்னாடி சீட்டைப் பிடி."

ஏறினேன். முன்னாடி முழுக்கக் கண்ணாடி. டிரைவர் எங்கேயோ கீழே இருக்கார், கண்ணுக்கே தெரியல. வண்டியை நான்தான் ஓட்டுறேன்னு முடிவு பண்ணிட்டேன். ஸ்டாச்யூ, பாளையம்னு போகும்போது மரக்கிளையெல்லாம் கண்ணாடியில வந்து அடிக்குது. ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிஞ்சேன். பாட்டா குனியல. மருந்து விட்ட கண்ணை இடுக்கிக்கிட்டு எதையோ தேடுற மாதிரி பார்த்துக்கிட்டே வந்தார். என்ன தேடினார்னு அப்போ எனக்குத் தெரியாது.

இனி கொஞ்சம் சரித்திரம். தூங்கிடாதீங்க.

இன்னைக்கு கன்னியாகுமரி மாவட்டம்னு சொல்ற பூமி 1956 வரைக்கும் முதல்ல திருவிதாங்கூர்லயும், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சியிலயும் இருந்தது. தெற்கே இருந்த நமக்கு ஒரு பெருமை உண்டு. தென்னாட்டில் அரசாங்கமே பஸ் ஓட்டுறதுங்கிற ஏற்பாடு ஆரம்பத்திலேயே வந்து சேர்ந்த ரோடுகளில் ஒண்ணு நம்ம திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி ரோடு. மெட்ராஸ் பட்டணத்துல அரசு பஸ் வந்தது 1947-ல். திருவிதாங்கூர்ல 1938-லேயே வந்தாச்சு. ஒன்பது வருஷம் முன்னால!

சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானா இருந்த காலம். பஸ் ஓட்டத் தெரிஞ்ச ஆள் வேணும்னு லண்டன் பாசஞ்சர் டிரான்ஸ்போர்ட் போர்டில் வேலை பார்த்த ஈ.ஜி. சால்டர் என்பவரை 1937 செப்டம்பரில் போக்குவரத்து சூப்பிரண்டெண்டா நியமிச்சாங்க. இங்கிலாந்திலிருந்து 60 கம்மர் சேஸிஸ் வந்து இறங்கிச்சு, பெர்கின்ஸ் டீசல் எஞ்சினோட. கூண்டு கட்டினது இங்கேயே, சால்டர் மேற்பார்வையில் உள்ளூர்த் தொழிலாளிகள். 1938 பிப்ரவரி 20-ம் தேதி மகாராஜா சித்திரைத் திருநாள் தொடங்கி வைத்தார். முதல் வண்டியில மகாராஜாவும் குடும்பத்தாரும் பயணிகள், டிரைவர் சீட்டில் சால்டரே உட்கார்ந்து கவடியாருக்கு ஓட்டினார். பின்னாலேயே வரிசையா 33 வண்டிகள்.

ஒரு வண்டிக்கு 23 தோல் சீட். பின்பக்கமா ஏறணும். பத்துப் பேர் நிக்கலாம். கண்டக்டர், இன்ஸ்பெக்டர் வேலைக்கு நூத்துக்கும் மேல பட்டதாரிகளை எடுத்தாங்க (அப்பவும் பி.ஏ. படிச்சவன் நிலைமை இதுதான், ஹிஹி). கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். 28 சக்கரம் சேர்ந்தா ஒரு திருவிதாங்கூர் ரூபாய். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி சுமார் 12 மைல், ஆக ஆறு சக்கரம். திருவனந்தபுரத்துக்கு 40 மைல்னு வச்சுக்கிட்டா 20 சக்கரம், முக்கால் ரூபாய்க்கும் கீழே. மூணு வயசுக்குக் கீழே ஓசி, பதினாலு வரைக்கும் அரை டிக்கெட். 28 பவுண்டு வரைக்கும் சுமைக்கூலி கிடையாது. நம்ம ஊர்க் கணக்குல ஒரு பெரிய சக்கைப்பழம்.

இதுல எனக்கு சுவாரசியமா பட்டது ஒண்ணு. சால்டர் வந்தது லண்டனிலிருந்து. அங்கே 1910 வாக்கிலேயே பி-டைப் என்கிற மோட்டார் டபுள் டெக்கர் தெருத்தெருவா ஓடியாச்சு. அதுக்கு முன்னாடி குதிரை இழுத்த காலத்திலேயே கூரை மேல ஆளை ஏத்தினவங்க அவங்க. அப்படிப்பட்ட ஊர்க்காரர் நமக்குக் கொண்டு வந்தது ஒத்தை மாடி வண்டி. காரணத்தை நானே யோசிச்சுப் பார்த்தேன். டபுள் டெக்கர் பெரிய பட்டணத்து வண்டி. கொஞ்ச தூரத்துக்குள்ள நிறைய ஜனம் ஏறி இறங்கணும், ரோட்டுல இடம் கம்மியா இருக்கணும். அப்போதான் ஒரே நீளத்துல இன்னொரு அடுக்கு சீட் போடுறதுல லாபம். நம்ம ரோடு மலையடிவாரத்துல வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு. 23 சீட்டே போதும்.

"மேல அவ்வளவு ஜனம் ஏறினா கவிழாதா?" என்று எல்லாருக்கும் வர்ற சந்தேகத்துக்கும் பதில் சொல்லிடுறேன். எஞ்சின், சேஸிஸ், ஆக்சில்னு கனமான சாமான் எல்லாம் கீழே. மேல வெறும் தகடும் சீட்டும் ஆளும்தான். லண்டன் வண்டிகளை மேல் தட்டில் மட்டும் மணல் மூட்டை ஏத்தி 28 டிகிரி சாய்ச்சு சோதிப்பாங்க. கவிழக் கூடாது. அதனாலதான் மேல சீட்டுக் கணக்குக்குத்தான் ஆள், நின்னுக்கிட்டுப் போக விடமாட்டாங்க.

நம்ம நாட்டுல பம்பாயில் பெஸ்ட் நிறுவனம் 1937-ல் டபுள் டெக்கர் விட்டது. 1967-ல் அசோக் லேலண்ட் 'டைட்டன்' என்ற பெயரில் இங்கேயே டபுள் டெக்கர் செய்ய ஆரம்பிச்சாங்க. இலங்கையில் 1958-ல் பஸ்களை அரசுடைமையாக்கின பிறகு லண்டனில் ஓடித் தேஞ்ச வண்டிகளை நூற்றுக்கணக்கில் வாங்கிக் கொழும்பில் ஓட்டினாங்க. திருவனந்தபுரத்திலும் டபுள் டெக்கர் வந்தது.

இப்போ எங்க வீட்டுக் கதை.

பாட்டாவுக்கு ஒரு அண்ணன், எனக்குப் பெரிய பாட்டா. திருவிதாங்கூர் காலத்திலேயே டிரான்ஸ்போர்ட்ல கண்டக்டரா சேர்ந்தவர். சுசீந்திரத்துல பஸ் வந்து நிக்கும்போது, காக்கி போட்ட அண்ணனைப் பார்க்க எங்க பாட்டா தெப்பக்குளத்துப் பக்கத்துல போய்க் காத்துக் கிடப்பாராம்.

அப்புறம் போராட்டம் வந்தது. தமிழ் பேசுற தாலுகாக்களை மெட்ராஸோட சேர்க்கணும்னு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. மார்ஷல் நேசமணி தலைவர். 1954 ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தாங்க. அப்போ முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை. எங்க பாட்டாவுக்கு இருபதைத் தாண்டின வயசு, ஊர்வலத்துல முன்னாடி நின்னவர். அண்ணனோ திருவனந்தபுரத்துல சர்க்கார் உத்தியோகம். "சம்பளம் குடுக்குறவனுக்கு வால் ஆட்டுதான்"னு தம்பி சொல்ல, "சோத்துக்கு வழியில்லாம கொடி பிடிக்கான்"னு அண்ணன் சொல்ல, பேச்சு நின்னு போச்சு.

1956 நவம்பர் 1. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் இந்தப் பக்கம். களியக்காவிளையில எல்லை. ஒரே டிப்போ, ஒரே ரோடு, ஒரே வண்டின்னு இருந்தது ரெண்டா ஆச்சு. அந்தப் பக்கம் 1965-ல் கேஎஸ்ஆர்டிசி. இந்தப் பக்கம் கட்டபொம்மன், அப்புறம் நேசமணி பேரிலேயே ஒரு போக்குவரத்துக் கழகம். 1997-ல் தலைவர்கள் பேரையெல்லாம் எடுத்தப்போ அதுவும் போச்சு. பெரிய பாட்டா கேரளாவிலேயே தங்கிட்டார். (வேடிக்கை பாருங்க, லண்டனில் புகழ்பெற்ற ரூட்மாஸ்டர் டபுள் டெக்கர் ஓட ஆரம்பிச்சதும் அதே 1956-ல்தான்.)

வருஷங்கள் கழிச்சு, ஏதோ சோலியாத் திருவனந்தபுரம் போன எங்க பாட்டா டபுள் டெக்கர்ல ஏறி மேல போய் உட்கார்ந்தார். அந்த வண்டிக்கு ரெண்டு கண்டக்டர், கீழே ஒருத்தர், மேல ஒருத்தர். மேல டிக்கெட் குடுத்துக்கிட்டு வந்தவர் பெரிய பாட்டா! ரிட்டயர்மெண்ட் நெருங்கின சமயம். தலை நரைச்சிருந்தது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க.

"எங்க போகணும்?"

"கடற்கரைக்கு."

அவ்வளவுதான் பேச்சு. "தம்பின்னு பார்க்கல, டிக்கெட் கிழிச்சுத்தான் குடுத்தான்"னு பாட்டா சொல்லுவார். ஆனா சங்குமுகத்துல வண்டி நின்னதும் பெரிய பாட்டா இறங்கி வந்து பக்கத்துல நின்னிருக்கார். ஒரு சாயா வாங்கிக் குடுத்தாராம். "அம்மைக்கு எப்படி இருக்கு"ன்னு கேட்டாராம். அடுத்த ஓணத்துக்கு சுசீந்திரம் வீட்டுக்கு வந்துட்டார்.

ஏழு வயசுல நான் மரக்கிளைக்குக் குனிஞ்சப்போ பாட்டா எதைத் தேடிக்கிட்டு வந்தார்னு இப்போ ஓரளவு புரியுது. அப்போ பெரிய பாட்டா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. இன்னைக்கு பாட்டாவும் இல்ல.

டபுள் டெக்கர்களும் ஒண்ணொண்ணா போச்சு. ரெண்டு கண்டக்டர் சம்பளம், ஏறி இறங்க எடுக்கிற நேரம், குறுக்கே மின்கம்பி, புதுசு புதுசா மேம்பாலம், கிடைக்காத ஸ்பேர் பார்ட்ஸ். சென்னையில் 18ஏ ரூட்டில் தாம்பரம் வரைக்கும் போன வண்டி 2000-களில் நின்னுது. லண்டனில் ரூட்மாஸ்டர் 2005 டிசம்பரில் வழக்கமான ஓட்டத்தை முடிச்சுக்கிட்டது. மும்பையில் கடைசி டீசல் டபுள் டெக்கருக்கு 2023 செப்டம்பர் 15-ல் மாலை போட்டு வழியனுப்பினாங்க. அதே வருஷம் அங்கே பேட்டரியில் ஓடுற ஏசி டபுள் டெக்கர் வந்துட்டது என்பது ஆறுதல்.

நான் இப்போ திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறேன். 2022-லிருந்து கேஎஸ்ஆர்டிசி மேல்கூரை இல்லாத டபுள் டெக்கரில் நகரம் சுத்திக் காட்ட ஆரம்பிச்சது, 2024-ல் மின்சார வண்டியும் வந்தது. ஒரு சாயங்காலம் ஏறினேன். நல்ல காத்து, நல்ல பாட்டு, எல்லார் கையிலும் செல்போன். குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அதுல யாரும் வேலைக்குப் போகல. மீன் கூடையோட யாரும் ஏறல. புறப்பட்ட இடத்துலேயே திருப்பிக் கொண்டு வந்து விட்டுடுறாங்க. இந்த வண்டியில ஒருத்தன் தெரியாத்தனமா ஏறி, இருபது வருஷம் பேசாத அண்ணன்கிட்ட டிக்கெட் வாங்க வழியே இல்ல.

எனக்கு ஒரு ஆசை. கன்னியாகுமரியில் 1970-ல் விவேகானந்தர் மண்டபம், 2000-ல் வள்ளுவர் சிலை, 2024 டிசம்பரில் ரெண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம்னு வந்தாச்சு. சுற்றுலாக் கூட்டம் குறையப் போறதில்ல. நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியா கன்னியாகுமரிக்கு, அந்த 1938 ரோட்டிலேயே, ஒரு டபுள் டெக்கர் விடலாம். பேக்கேஜ் எல்லாம் வேண்டாம், சாதாரண டிக்கெட். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பூக்காரிகளும் வடக்கத்தி டூரிஸ்டும் சேர்ந்து ஏறணும். மின்கம்பியை ஏத்திக் கட்டணும், கிளைகளைக் கழிக்கணும், வளைவுகளைப் பார்க்கணும், வேலை நிறைய இருக்கு. தெரியும்.

வந்தா மேல முன்னாடி சீட் எனக்கு. சுசீந்திரம் வரும்போது தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கிடுவேன்.