நெருக்கடிக் குறியெண்
நெருக்கடிக் குறியெண் என்பது, மிரட்டலுக்கு உட்பட்டுப் பாதுகாப்பு அமைப்பை அணைக்க நேரும் ஒருவர், வழக்கமான கடவெண்ணுக்குப் பதிலாக உள்ளிடும் தனி எண் ஆகும். அமைப்பு அணைந்துவிடும், அபாய ஒலி எழாது. ஆனால் கண்காணிப்பு மையத்துக்கு மறைவாகச் செய்தி செல்லும். மிரட்டுபவர் அருகிலேயே நிற்கக்கூடும் என்பதால் திரையில் எந்த வேறுபாடும் தெரியக்கூடாது. மையத்தினர் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பதும் ஆபத்தானது. கடவெண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி இதனை அமைப்பதுண்டு. நினைவில் கொள்வது எளிது எனினும், விரல் தவறினாலே காவலர் வந்து நிற்பர்.

தானியங்கிப் பணப் பொறியில் இரகசிய எண்ணைத் தலைகீழாக உள்ளிட்டால் காவல்துறைக்குத் தகவல் செல்லும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. இம்முறைக்கு 1998 இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டபோதிலும் வங்கிகள் அதனை ஏற்கவில்லை. மேலும், 2442 போன்ற எண்கள் தலைகீழாக்கினாலும் மாறுவதில்லை.