எடையும் ஏற்றமும்

1975-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகம்மது அலியும் ஜோ பக்னரும் பதினைந்து சுற்றுகள் பொருதனர். அலி வென்றார். மலாக்காவின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் குத்துச்சண்டை என்றவுடன் அலியின் நெடிய உருவமே பலர் மனக்கண் முன் தோன்றுவதில் வியப்பில்லை. 2018-ஆம் ஆண்டு சூலை 15-இல் அதே தலைநகரம் மற்றொரு வீரரைக் கண்டது. பிலிப்பைன்ஸ் நாட்டு மேனி பாக்கியாவ், அர்ஜென்டினாவின் லூக்காஸ் மத்தீசை ஏழாவது சுற்றில் வீழ்த்தினார். 1998-இல் 112 பவுண்டுக்கு உட்பட்டோர் பிரிவில் முதன்முதலாக உலகப் பட்டம் பெற்றவர் அவர். சிறிய உடலினர் பெரியோர் வரிசையில் இடம்பெறத் தக்கவரா? அவ்வாறாயின் எவ்விடம்? இவ்வினாவை ஆராய, பாக்கியாவுக்கும் முக்கால் நூற்றாண்டு முற்பட்ட ஒருவரின் வரலாறு துணை செய்யும்.

குத்துச்சண்டையில் எடைப் பிரிவுகள் வகுக்கப்பட்டது நீதி கருதியே. 112 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 51 கிலோ எடையுள்ளவரை 200 பவுண்டு எடையுள்ளவருடன் மோதவிடுவது போட்டியாகாது. ஆயினும், நீதிக்காகப் போட்ட வேலி நாளடைவில் மதிப்புக்கும் வேலியாயிற்று. கனத்த எடையினர்க்கே பெரும்பணமும் பெரும்புகழும் சென்றன. இக்குறையை நீக்க, எல்லா வீரரும் ஒரே எடையினர் எனக் கற்பனை செய்து, திறனை மட்டும் ஒப்பிடும் 'பவுண்டுக்குப் பவுண்டு' என்னும் மதிப்பீட்டு முறை வழக்கிற்கு வந்தது.

பான்சோ வில்லா எனப் புகழ்பெற்றவரின் இயற்பெயர் பிரான்சிஸ்கோ குயிலெடோ. 1901 ஆகஸ்டு முதல் நாள், பிலிப்பைன்சின் நீக்ரோஸ் தீவில் பிறந்தார். அத்தீவு கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. பிறர் நிலத்தில் உழைத்து வாழும் மக்களிடையே அவர் வளர்ந்தார். அந்நாளில் அவர்தம் நாடு அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஐந்தடி ஓரங்குல உயரமே உடைய அவ்விளைஞர் மணிலாவில் பெயர் பெற்று, 1922-இல் அமெரிக்கா சென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் ஜானி பஃப் என்பவரைப் பதினோராம் சுற்றில் வீழ்த்தி, அமெரிக்கப் பட்டத்தைக் கைப்பற்றினார்.

அக்காலத்தில் அப்பிரிவின் உலகப் பட்டம் வேல்சு நாட்டு ஜிம்மி வைல்டிடம் இருந்தது. இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த வைல்டு, 108 பவுண்டைத் தாண்டுவதே அரிது. எனினும் தம்மினும் கனத்தவரைப் பன்முறை சாய்த்தவர். 1916 முதல் பட்டத்தைத் தம்மிடம் வைத்திருந்தவர். 1923 சூன் 18-இல் நியூயார்க்கில் இருவரும் மோதினர். ஏழாவது சுற்றில் வைல்டு வீழ்ந்தார். அதன்பின் அவர் களம் புகவேயில்லை. இருபத்தோரு வயதே நிரம்பிய வில்லா, ஆசியாவின் முதல் உலகக் குத்துச்சண்டை வெற்றிவீரர் ஆனார்.

இவ்வெற்றியை எடைபோடுங்கால் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அன்று வைல்டுக்கு வயது முப்பத்தொன்று. 1921 சனவரிக்குப் பின் அவர் போட்டியிட்டதில்லை. எனவே வில்லா வென்றது உச்சத்தில் இருந்த வைல்டை அன்று. மேலும், பிராங்கி ஜெனாரோ என்னும் அமெரிக்கரிடம் வில்லா மும்முறை தோல்வியுற்றார். மூன்றாவது தோல்வி, வைல்டை வெல்வதற்கு மூன்று திங்களுக்கு முன் நேர்ந்தது. உலகப் பட்டத்தை அவர் தாங்கிய காலமும் ஈராண்டுக்குச் சற்றே மிகுதி. இவற்றை மறைத்துப் புகழ்வது வரலாறாகாது; வெறும் துதியாகவே முடியும்.

ஆயினும் அப்பட்டத்தை எவரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. 1925 சூலை 4-இல், பட்டத்திற்கு உட்படாத ஒரு போட்டியில், பல் பிடுங்கப்பட்டு முகம் வீங்கிய நிலையிலும் அவர் களமிறங்கிப் பத்துச் சுற்றும் நின்று தோற்றார். அன்று அவரை வென்ற ஜிம்மி மெக்லார்னின், பின்னர் 1933-இல் கூடிய எடைப் பிரிவொன்றில் உலக வெற்றிவீரர் ஆனவர். பல்லில் தோன்றிய நச்சுத்தொற்று தொண்டைக்குப் பரவ, சூலை 14-இல் சான் பிரான்சிஸ்கோவில் வில்லா உயிர் துறந்தார். இருபத்து நான்காம் பிறந்த நாளுக்கு இரண்டரை வாரங்களே எஞ்சியிருந்தன. அத்தகைய தொற்றுகளைத் தணிக்கும் பெனிசிலினை அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்தது 1928-இல். மூன்றே ஆண்டு இடைவெளி!

இனித் தீர்ப்புக்கு வருவோம். தம் எடையைக் கடந்து பெற்ற வெற்றி, பட்டத்தைக் காத்த காலம், எதிரிகளின் தகுதி ஆகிய மூன்றையும் அளவுகோலாகக் கொண்டால், வைல்டும் பாக்கியாவும் முன்வரிசையில் அமர்வர். 2010-க்குள் எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்ற பாக்கியாவின் அருஞ்செயல் தனித்து நிற்பது. வில்லாவின் இடம் அவர்களுக்கு அடுத்த வரிசையே. ஆனால் வழி திறந்தவர் என்னும் நான்காவது அளவுகோலைச் சேர்த்தால், ஆசிய வீரருள் அவருக்கு முந்தியவர் எவருமிலர். பாக்கியாவ் நடந்த பாதை வில்லா வெட்டிய பாதையாகும்.

இவ்வுண்மை மலாக்காத் தமிழர்க்குப் புதியதன்று. 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்ட பின், இம்மாநிலத்தில் தோட்டங்கள் பெருகின. பால்மரம் வெட்டுவோர் பலர் மெலிந்த உடலினர். மரத்தைக் காயப்படுத்தாமல், பட்டையை வேண்டிய ஆழமே சீவும் கைத்திறன் புயவலியால் வருவதன்று. அதற்குக் கண்ணும் கையும் ஒன்றுபட வேண்டும். நல்ல வெட்டுக்காரரை எவரும் நிறுத்துப் பார்த்து மதித்ததில்லை. அவர் வெட்டிய நிரையைப் பார்த்தே மதித்தனர்.

பள்ளித் திடலில் ஓர் அணியைத் தெரிவு செய்யுங்கால், உயரமும் பருமனும் உள்ள மாணவனே முதலில் அழைக்கப்படுகிறான். ஓரத்தில் நிற்கும் சிறுவனின் பெயர் கடைசியில் வருகிறது. சில வேளை வருவதே இல்லை. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று வகுப்பறையில் கற்பிக்கும் ஆசிரியர், திடலில் அதை மறத்தல் தகாது. துலாக்கோல் உடலின் எடையைக் கூறும். ஆளின் தரத்தைக் கூற வேண்டியது பார்ப்பவரின் கடமை.