ஹார்வர்டில் ஜெர்மன் அரிச்சுவடி

பல்கலைக் கழகத்தில் அயல்நாட்டு மொழியொன்றை அரிச்சுவடியிலிருந்து கற்பது இன்று அரிய செயலன்று. பாடநூலும் அகராதியும் மாணவன் வருமுன்பே அவனுக்காகக் காத்திருக்கின்றன, ஆசிரியருக்கும் குறைவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஜெர்மன் கற்க முற்பட்டோர் நிலை வேறாக இருந்தது.

1814ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து இளைஞர் ஜார்ஜ் டிக்னர், பிரெஞ்சு எழுத்தாளரான ஸ்டேல் அம்மையார் ஜெர்மனியைப் பற்றி எழுதிய நூலைப் படித்தார். அந்நாட்டுக் கல்வியின் பெருமை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆனால் மொழி தெரிய வேண்டுமே! நகரில் ஆசிரியர் கிடைக்கவில்லை. அண்டை ஊரில் கணிதம் கற்பித்து வந்த அல்சேஸ்காரர் ஒருவர் உதவ இசைந்தார். தம் உச்சரிப்பு நல்லதன்று என்று அவரே எச்சரிக்கவும் செய்தார். இலக்கண நூல் நண்பர் எவரெட்டிடமிருந்து இரவலாக வந்தது. அதுவோ பிரெஞ்சு மொழி வழியே ஜெர்மன் கற்பிப்பது. அகராதியை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டே டிக்னரும் எவரெட்டும் கப்பலேறி ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக் கழகத்தை அடைந்தனர். அவர்களைப் போல் அங்குச் சென்ற அமெரிக்கரின் தொடர்பால், 1819இல் மகாகவி கதே தம் நூல்களை ஹார்வர்டு நூலகத்துக்கு அன்பளிப்பாக அனுப்பி வைத்தார். நூல்கள் வந்துவிட்டன, அவற்றைப் படிக்கக் கற்பிப்பார்தாம் இல்லை.

அக்குறையைத் தீர்த்தவர், சொந்த நாட்டில் வாழ இடமின்றி ஓடிவந்த ஓர் அகதி. கார்ல் ஃபொல்லன் 1796இல் ஹெஸ்ஸே நாட்டில் பிறந்தவர். கீசன் பல்கலைக் கழகத்தில் சட்டம் பயின்றவர். நெப்போலியனை எதிர்த்த போரில் தொண்டராகச் சேர்ந்தவர். சிதறிக் கிடந்த ஜெர்மானிய நாடுகள் ஒன்றுபட்டுக் குடியரசாக வேண்டும் என்று முழங்கிய மாணவர் இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவராயிருந்தார். அவ்வியக்கத்தைச் சேர்ந்த கார்ல் சாண்டு என்பவன் 1819 மார்ச்சில் நாடகாசிரியர் கோட்செபூவைக் குத்திக் கொன்றான். ஐயம் ஃபொல்லன்மீதும் பாய்ந்தது. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, ஆயினும் வேலை போயிற்று. பாரிசுக்கும் பின்னர் சுவிட்சர்லாந்துக்கும் சென்றார். அங்கும் பிரஷ்ய அரசின் நெருக்குதல் தொடரவே, 1824 இறுதியில் நியூயார்க் வந்து சேர்ந்தார். ஆங்கிலம் கற்றார். டிக்னர் முதலியோர் முயற்சியால் 1825இல் ஹார்வர்டில் ஜெர்மன் ஆசிரியராக அமர்ந்தார்.

முதல் வகுப்புக்கு வந்த மாணவர் எண்மரே. அவர்களுள் ஒருவரான ஆண்ட்ரூ பீபாடி முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளால் அவ்வகுப்பின் கோலத்தை அறிகிறோம். பாஸ்டன் கடைகளில் ஜெர்மன் நூல் விற்பனைக்கு இல்லை. எனவே ஆசிரியரே வாசகம் ஒன்று தொகுத்தார். ஒரு பாடம் முடிந்து அடுத்த பாடத்துக்கு வேண்டும்போது, அச்சான தாள் தனித்தனியே மாணவர் கைக்கு வரும். ஜெர்மன் அச்செழுத்து அருகில் எங்கும் அகப்படாமையால் ரோமன் எழுத்திலேயே அச்சிட்டனர். அத்தாள்கள் சேர்ந்து 1826இல் தொடக்க மாணவர்க்கான வாசகமாக வெளிவந்தன. ஷில்லர், கதே முதலிய பெரும் புலவர்களோடு, நெப்போலியனை எதிர்த்துப் போரிட்டு 1813இல் களத்தில் மாண்ட இளங்கவிஞர் கெர்னரும் அதில் இடம்பெற்றார். இலக்கணப் பயிற்சிக்காக வெற்று வாக்கியங்களை அடுக்காமல், தம் நாட்டின் இலக்கியத்தையே முதற்பாடமாக வைத்தமை போற்றத்தக்கது.

1828இல் இலக்கண நூலும் எழுதினார். ஆங்கிலம் பேசுவோர்க்கு ஜெர்மன் இலக்கணம் கரடுமுரடானது. வேற்றுமை நான்கே ஆதலால், எட்டு வேற்றுமை பயின்ற நமக்கு அஞ்ச இடமில்லை. ஆனால் பால் பகுப்போ எவரையும் திகைக்க வைக்கும். மேசை ஆண்பால், கதவு பெண்பால், சிறுமி இரண்டுமல்லாத மூன்றாம் பால்! சிரிக்குமுன், 'குழந்தை அழுதது' என்று நாமும் அஃறிணை முடிபு கொடுப்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபொல்லன் கொண்டு சென்றவை சொற்கள் மட்டுமல்ல. 1826இல் ஹார்வர்டில் ஜெர்மானிய முறை உடற்பயிற்சிக் கூடம் அமைத்து, மாணவரைக் கம்பத்திலும் கயிற்றிலும் ஏற்றினார். பின்னாளில் தம் மகனுக்காக வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் நிறுத்தி விளக்கேற்றினார். ஆங்கிலப் பெண் எழுத்தாளர் ஹேரியட் மார்ட்டினோ அதைக் கண்டு எழுதினார். அமெரிக்காவின் முதல் மரம் அதுவே என்பது மிகை. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர் அதற்கு முன்னரே அவ்வழக்கத்தைக் கொண்டிருந்தனர்.

1830இல் அவருக்கென்று பேராசிரியர் பதவி தோற்றுவிக்கப்பட்டது. ஐந்தாண்டுக்கு உதவித் தொகை தரச் செல்வர் சிலர் முன்வந்தனர். இந்நிலையில் அவர் அடிமைமுறை ஒழிப்பு இயக்கத்தில் இறங்கினார். 1834இல் அவ்வியக்கத்தின் மாநாடு அமெரிக்க மக்களுக்கு விடுத்த அறிக்கையை எழுதியவர் அவரே. 1835இல் ஐந்தாண்டுத் தவணை முடிந்தது, பதவி நீடிக்கப்படவில்லை. மாணவரை ஒழுங்குபடுத்தும் முறை பற்றிக் கல்லூரித் தலைவர் குவின்சியோடு அவருக்குப் பிணக்கு இருந்தது மெய்யே. எனினும் அடிமைமுறையைப் பற்றி அவர் வாய்திறந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை என நம்புவது கடினம். ஜெர்மனியின் பாட்டும் பயிற்சியும் பாஸ்டன் பெருமக்களுக்கு இனித்தன. அப்பாட்டுகளில் கண்ட விடுதலையை நீக்ரோவருக்கும் உரியதாக்க அவர் முனைந்தபோது, அது கசந்துவிட்டது.

அதன்பின் அவர் சமயப் பணியாளராய் வாழ்ந்தார். 1840 ஜனவரியில், நியூயார்க்கில் ஜெர்மானிய இலக்கியம் பற்றிச் சொற்பொழிவாற்றி முடித்து, மாசசூசெட்சில் தாம் வரைபடம் தந்த எண்கோணத் தேவாலயத்தின் திறப்பு விழாவுக்காகப் புறப்பட்டார். 13ஆம் நாள் இரவு, அவர் ஏறிய லெக்சிங்டன் என்னும் நீராவிக் கப்பலில், பருத்திப் பொதிகளில் தீப்பற்றியது. நூற்றுநாற்பதுக்கும் மேற்பட்டோரில் உயிர் தப்பியவர் நால்வரே. ஃபொல்லன் அவர்களுள் இல்லை. அத்தேவாலயம் இன்றும் அவர் பெயரோடு விளங்குகிறது.