ஏராவிலிருந்து எழும் கப்பல்

கோழிக்கோட்டுக்குத் தெற்கே, சாலியாறு கடலைச் சேரும் பேப்பூரில் 'உரு' கட்டுகிறார்கள். முழுக்க மரத்தால் ஆன கப்பல். அரபு வணிகர்கள் பல நூறு ஆண்டுகளாக இந்தக் கரைக்கு வந்து கட்டி வாங்கிப் போனார்கள். நான் செண்பகத்தோப்புக் காட்டுக்குப் போகிற சாலையில் பட்டறை வைத்து நிலையும் கதவும் செய்து பிழைத்தவன். தேர் வேலையும் பார்த்திருக்கிறேன். பேப்பூரின் ஆற்றோரக் கொட்டகைக்குள் வீடு உயரத்துக்கு நின்ற உருவைப் பார்த்ததும் நான் தேடியது வரைபடத்தை. அப்படி ஒன்று அங்கே கிடையாது.

"ஏரா எத்தனை முழம்னு முடிவாயிட்டா, அகலம், உயரம், முகப்பு எல்லாம் அதிலிருந்தே வந்துடும்" என்றார் மேஸ்திரி. அடியில் ஓடும் ஏராக்கட்டைதான் முழுக் கணக்குக்கும் மூலம். நான் கற்ற தொழிலில் சட்டம் முதலில், பலகை பிறகு. இங்கே பலகைகளை வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய பின்தான் உள்ளே வங்குக்கால் என்ற விலாச் சட்டங்களைப் பொருத்துகிறார்கள். அதற்கு வளைந்தே வளர்ந்த கட்டையைத் தேடிப் பிடிக்கிறார்கள். எங்கள் பட்டறைகளில் அதை விறகுக்கு ஒதுக்குவோம். வளர்ந்த வளைவிலேயே நார் ஓடுவதால், வளைவாக அறுத்தெடுத்த கட்டையைவிட அதற்குப் பலம் அதிகம். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி எண்ணெய் பூசுவதற்கென்றே தனி ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்போது ஆணி அடிக்கிறார்கள். அந்தக் காலத்தில் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்தார்கள். 14-ஆம் நூற்றாண்டில் இந்தக் கடலில் பயணம் செய்த இபின் பதூதா, ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், தைத்த கப்பல் நெகிழ்ந்து கொடுக்கும் என்று காரணத்தையே எழுதிவைத்திருக்கிறார்.

கட்டி முடித்ததை ஆற்றில் இறக்குவது கலாசிகளின் வேலை. பெரும்பாலும் மாப்பிள்ளை முஸ்லிம்கள். கப்பி, கயிறு, மர உருளை, கூட்டாக இழுக்கும் பாட்டு, இவைதான் அவர்கள் கருவிகள். 1988-இல் பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது பெட்டிகளைத் தூக்க இவர்களைத்தான் அழைத்தார்கள்.

உருவுக்கான தேக்கு இதே சாலியாற்றில் நிலம்பூரிலிருந்து மிதந்து வந்தது. கப்பலுக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டிக் காடு தீர்ந்த பிறகு, 1840-களில் மலபார் கலெக்டர் கனோலி அங்கே தேக்குத் தோட்டம் போட்டார். எளிதில் முளைக்காத அந்த விதையோடு போராடி வளர்த்துக் காட்டியவர் சாத்து மேனன். கனோலி பெயரில் இரண்டு ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட ஒரு பகுதியைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அன்று நட்டவற்றில் எஞ்சிய மரங்கள் அதில் இன்றும் நிற்கின்றன. வெட்டக் கூடாது, அது சரிதான். எங்கள் செண்பகத்தோப்புக் காட்டிலும் கோடரிக்கு இடமில்லை, அதனால்தான் சாம்பல் அணில் பிழைத்திருக்கிறது. அப்படியானால் மரத்துக்கு எங்கே போவது? பேப்பூர்க்காரர்கள் இப்போது மலேசியாவிலிருந்தும் மரம் வாங்குகிறார்கள். கட்டும் உருக்களில் பல, கத்தார்ச் செல்வந்தர்களின் உல்லாசப் படகுகளாகப் போகின்றன.