தாரும் டூகோவும்: ஒரு கார் கதவு சொன்ன வரலாறு

பண்பொழி வீட்டில் அப்பாவின் பழைய மாருதி 800 இன்னும் ஓடுகிறது. போன கோடையில் தென்காசி போய்த் திரும்பும்போது, புதிதாகத் தார் தெளித்திருந்த சாலையில் அதை ஓட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கதவின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி.

"ஏல, சீமெண்ணெயத் துணில தொட்டுக் கொஞ்ச நேரம் வையி, தன்னால வந்துரும்லா" என்றார் அப்பா.

கேஸ் அடுப்பு வந்த பிறகு யார் வீட்டில் சீமெண்ணெய் இருக்கிறது? பரணில் தின்னர் இருந்தது. நாலு தேய்ப்பு தேய்த்தேன். தார் போய்விட்டது, கூடவே பெயிண்டும். துணியில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு. ஆனால் கதவை ஒட்டியிருந்த பின்பக்கத் தகட்டில் அதே தின்னர் ஒன்றும் செய்யவில்லை. ஒரே கார், ஒரே நிறம், இரண்டு விளைவு. நமக்கோ இருபது வருஷமாக 'பக்' தேடுவதுதான் பிழைப்பு. விட மனசில்லை.

முதலில் தாரைப் பார்ப்போம். வாழைத்தாரில் உள்ள தார் வேறு, இது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். ஆரம்பத்தில் சாலையில் பூசியது, நிலக்கரியிலிருந்து கோக்கும் எரிவாயுவும் எடுக்கும்போது மிஞ்சிய பிசுக்கு. இன்று நம் சாலையில் ஊற்றுவது அதுவல்ல. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பின் அடியில் தங்கும் பிட்டுமன். பொருள் மாறிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை.

சாலைகளில் தார் பரவலானதே காரால்தான். மாட்டுவண்டி போன மண்சாலையில் கார் வேகமாகப் போனபோது எழுந்த புழுதி தாங்க முடியாததாக இருந்தது. 1902இல் மொனாக்கோவில் குக்லியெல்மினெட்டி என்ற சுவிஸ் மருத்துவர் புழுதியை அடக்கச் சாலையில் தார் பூசிக் காட்டினார். அதே ஆண்டு இங்கிலாந்தில் எட்கர் பர்னெல் ஹூலி தார்மாக்குக்குக் காப்புரிமை பெற்றார். சாலையில் கொட்டிய தாரின் மேல் யாரோ இரும்பாலைக் கசடைப் போட்டு மூடியிருக்க, அந்த இடத்தில் மட்டும் புழுதி இல்லாததைக் கண்டுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்பார்கள். கார் புழுதி கிளப்பியதால் தார் பரவியது. அந்தத் தார் இப்போது காரின் மேலேயே ஒட்டுகிறது.

அடுத்து பெயிண்ட். ஆரம்பகாலக் கார்களின் வார்னிஷ் பூச்சு காய வாரக்கணக்கில் ஆகும். 1923இல் டூபான்ட் நிறுவனம் 'டூகோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைக் கொண்டுவந்தது. மணிக்கணக்கில் காய்ந்துவிடும். 1924ஆம் ஆண்டு மாடல் ஓக்லாண்ட் கார்கள் நீல நிறத்தில் அதைப் பூசிக்கொண்டு வந்தன. நம்ம ஊர்ப் பட்டறைகளில் 'என்.சி. பெயிண்ட்' என்பது இந்தக் குடும்பம்தான். 'டூகோ அடிக்கிறது' என்ற பேச்சும் அங்கிருந்து வந்ததே.

டூகோவின் வசதியே அதன் பலவீனம். அது வேதிவினையால் இறுகுவதில்லை. அதில் கலந்த தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது. மறுபடி தின்னர் பட்டால் மறுபடி கரையும். தொழிற்சாலைப் பெயிண்ட் அப்படியில்லை. சூட்டில் வேகவைக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகிவிடும். எளிதில் கரையாது.

அப்பாவிடம் கேட்டேன். பல வருஷம் முன்பு கேட்டில் உரசி, அந்தக் கதவை மட்டும் பட்டறையில் விட்டு அடித்தாராம். புதிர் அவிழ்ந்தது.

சீமெண்ணெய் ஏன் சரி? தாரும் அதுவும் பெட்ரோலியத்திலிருந்து வந்த ஹைட்ரோகார்பன்கள். இனம் இனத்தைக் கரைக்கும். ஆனால் நைட்ரோசெல்லுலோஸைக் கரைக்க அதற்குச் சக்தி கிடையாது. அதாவது இரண்டு வகைப் பெயிண்டுக்கும் ஆபத்தில்லாத வழி அது.

செய்யும் முறை இதுதான். முதலில் தண்ணீர் விட்டு மணலைக் கழுவுங்கள், இல்லையென்றால் தேய்க்கும்போது கீறும். நிழலில், தகடு ஆறியபின், மறைவான இடத்தில் சோதித்துவிட்டு, பருத்தித் துணியில் சீமெண்ணெயோ மினரல் டர்பன்டைனோ நனைத்து இரண்டு நிமிடம் ஒற்றி வையுங்கள். தார் இளகியதும் மெல்லத் துடைத்து, ஒவ்வொரு தடவையும் துணியின் சுத்தமான மடிப்புக்கு மாறுங்கள். பிறகு ஷாம்பு போட்டுக் கழுவி வாக்ஸ் பூசுங்கள், பழைய வாக்ஸும் தாரோடு போயிருக்கும். ரப்பரில் படவிடாதீர்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. பிளேடு, பெட்ரோல், தின்னர் மூன்றும் வேண்டாம்.

கதவை மறுபடி பட்டறையில் அடித்தாயிற்று. சிவப்பு ஒரு பிடி கூடுதலாக விழுந்துவிட்டது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீமெண்ணெய் மட்டும் எங்கிருந்தோ அரை பாட்டில் வாங்கி, பரணில் தின்னர் இருந்த இடத்தில் வைத்திருக்கிறார்.