கல்வீட்டின் குளிர்ச்சி

மண்சுவரும் பனையோலைக் கூரையுமே பெரும்பாலோரின் வாசஸ்தலமாயிருந்த யாழ்ப்பாணக் கிராமங்களில், ஒருவன் பொருள் தேடித் திரும்பினான் என்பதற்கு அவன் கட்டிய கல்வீடே பிரதான சாட்சியாகக் கொள்ளப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மலாயாவின் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தவர்கள் அனுப்பிய பணத்தில், நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டிய நாற்சார் வீடுகள் பல எழுந்தன.

கல்லுக்கு அவர்கள் வெகுதூரம் போகவில்லை. மெல்லிய செம்மண்ணுக்குக் கீழே கிடந்த சுண்ணாம்புக்கல்லை உடைத்துச் சுவரெடுத்தார்கள். கடற்கரையின் முருகைக்கல்லைச் சூளையிலிட்டு நீற்றிச் சாந்தாக்கினார்கள். வயிரமேறிய பனை வளையும் கைமரமுமாயிற்று. போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் விரித்துக் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையும் முருகைக்கல்லையும் சுண்ணாம்பையும் நம்பியே நின்றது.

இவ்வீடுகள் குளிர்ச்சியாயிருப்பது கல்லினால் என்பார்கள். அது பாதி உண்மையே. தடித்த சுவர் உஷ்ணத்தைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. பகலெல்லாம் உறிஞ்சியதை அந்தி சாய்ந்த பிறகே அறைக்குள் விடுவதனாலன்றோ சித்திரை இரவுகளில் வீட்டுக்காரர் பாயோடு திண்ணைக்கு வந்தார்கள். மற்றப் பாதி முற்றத்தின் வேலை. மேகமற்ற இரவில் திறந்த ஆகாயத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, நடுமுற்றம் தன்னிடம் படிந்த குளிர்காற்றைத் தாவாரத்தின் வழியே அறைகளுக்கு அனுப்ப, சூடேறிய காற்று ஓட்டின் இடுக்குகளால் மேலே போய்விடும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் பிறந்துவிட்டாலோ, எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்து வைப்பதற்கு மேல் ஒரு யுக்தியும் வேண்டியதில்லை.

1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்தபோது, அதே சுண்ணாம்புக்கல் வேறு அவதாரம் எடுத்தது. பழைய சுவர்களுக்குச் சீமெந்து பூசினார்கள். ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சுப் பொருமி உதிர்ந்தது. சிலர் முற்றத்தையே மூடினார்கள். 1990இல் உள்நாட்டுப் போரினால் மின்சாரம் அறுபட்டுக் குடாநாடு ஆண்டுக்கணக்கில் குப்பி விளக்கோடு வாழ்ந்த காலத்தில், முற்றத்தை மூடாதவர்களே பாக்கியசாலிகள்.

போருக்குப் பின் பல வீடுகளுக்கு ஏசி வந்தது. வெப்பத்தை ஓரிடத்தில் அள்ளி மற்றோரிடத்தில் கொட்டும் இவ்வித்தையால் கட்டடங்களைச் சூடேற்றவும் குளிர்விக்கவும் இயலுமென்று, பின்னாளில் கெல்வின் பிரபுவான வில்லியம் தொம்சன் 1852இலேயே விளக்கியிருந்தார். குளிர்தேசங்களில் அதே யந்திரத்தை எதிர்முகமாக ஓட்டிப் பழைய கல்வீடுகளுக்குச் சூடேற்றுகிறார்கள். அங்கே வெளிக்குளிரை அடைப்பது கஷ்டம். இங்கேயோ, காற்றோடவென்றே கட்டிய வீட்டில் காற்றை அடைக்கவேண்டியிருக்கிறது. ஓட்டின் கீழே பலகை அடித்து, சுவர்த் துவாரங்களைப் பூசி மெழுகினாலன்றி அறை குளிராது.

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்காக ஓர் அறையை அவ்வாறு மாற்றிய வீடொன்றைக் கண்டேன். தெருமுகப்பின் அழகு கெடலாகாதென்ற நல்லெண்ணத்தால் யந்திரத்தின் வெளிப்பாகத்தை முற்றத்துச் சுவரிலே மாட்டியிருந்தார்கள். அறை நன்றாகவே குளிர்ந்தது. ஆச்சி மட்டும், பல வருஷமாகத் தாவாரத்தில் கிடந்த தம் சாய்மனைக் கதிரையைத் தெருத்திண்ணைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.