குடற்சுவரின் உயிரணுக்களை இனங்கண்ட வரலாறு

உண்ட உணவின் சத்து நம் உடலோடு சேரும் இடம் சிறுகுடல். அதன் உட்சுவரை மூடி நிற்கும் உயிரணுக்களிற் பெரும்பாலானவை மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் உதிர்ந்துவிடுகின்றன. அவற்றின் இடத்தைப் புதியவை நிரப்புகின்றன. சத்தை உறிஞ்சுவன பல. சளியைச் சுரப்பன சில. ஹார்மோன்களை வெளியிடுவன வேறு சில. இத்தனை வகைக்கும் தாய் எது? விஞ்ஞானிகள் நெடுங்காலம் தேடிய விடை இது.

முதலில் அவர்களுக்குத் துணை நின்றவை நுண்ணோக்கியும் சாயமுமே. குடற்சுவரிலுள்ள நுண்குழிகளின் அடியில் பெரிய மணிகளைத் தாங்கிய உயிரணுக்கள் இருப்பதை 1872-இல் ஜெர்மானியரான குஸ்டாவ் ஷ்வால்பே குறித்தார். 1888-இல் வியன்னாவின் யோசெப் பானெத் அவற்றை விரிவாக விளக்கினார். இரண்டே ஆண்டுகளில், 32-ஆம் வயதில், பானெத் மறைந்தார். உயிரணுக்கள் அவர் பெயரைத் தாங்கி நின்றன. ஆயினும் அம்மணிகளின் தொழில் யாது என்பதைச் சாயம் சொல்லவில்லை.

1941-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் புதுவழி கண்டார். ஓர் எதிர்ப்பொருள் தனக்குரிய பொருளை மட்டுமே தேடிப் பற்றும். அதனோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்தால், அப்பொருள் இருக்குமிடம் ஒளிவிடும். இம்முறை வளர்ந்தபின், பானெத் உயிரணுக்களில் லைசோசைம் இருப்பது தெளிவாயிற்று. அது 1922-இல் அலெக்சாண்டர் பிளெமிங் அறிவித்த, கிருமிகளைச் சிதைக்கும் புரதம். ஆகவே அவை குடலின் காவலர்கள்! சளி உயிரணுவை மியூசினும், ஹார்மோன் உயிரணுவைக் குரோமோகிரானினும் இவ்வாறே காட்டிக்கொடுத்தன.

தாய் உயிரணு மட்டும் பிடிபடவில்லை. பானெத் உயிரணுக்களின் இடையே ஒடுங்கி நிற்கும் மெல்லிய உயிரணுக்களே தாய் என்று 1974-இல் மான்ட்ரீல் நகரின் ஹேசல் செங், சார்ல்ஸ் லெப்லான் ஆகியோர் கருதினர். குழியின் அடியிலிருந்து நான்காம் இடத்தில் இருப்பதே தாய் என்றனர் வேறு சிலர். வழக்கைத் தீர்க்கத் தக்க அடையாளம் இல்லை.

2007-இல் நெதர்லாந்தின் நிக் பார்க்கர், ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் எல்.ஜி.ஆர்.5 என்னும் புரதத்தை அடையாளமாகக் கொண்டனர். சுண்டெலிகளில் அதன் மரபணுவோடு ஜெல்லி மீனின் பச்சை ஒளிப்புரதத்துக்குரிய மரபணுவை இணைத்தனர். அம்மெல்லிய உயிரணுக்களே ஒளிர்ந்தன. அவற்றின் வழித்தோன்றல்களைத் தொடர்ந்து நோக்கியபோது, குடற்சுவரின் பல்வகை உயிரணுக்களும் அவற்றினின்றே பிறந்தமை புலனாயிற்று. 2009-இல் இத்தகைய ஒற்றை உயிரணுவே ஆய்வுக்கலத்தில் சிறு குடல் வடிவாக வளர்ந்தது. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவை இவ்வுயிரணுக்களில் நீக்கினால் கட்டிகள் தோன்றுவதும் அவ்வாண்டே சுண்டெலிகளில் மெய்ப்பிக்கப்பட்டது. புற்றுநோயின் தோற்றுவாயை ஆராய்வோர்க்கு இவ்வடையாளம் வழிகாட்டியாயிற்று.

எனினும் 2011-இல் வேறோர் ஆய்வு, இவ்வுயிரணுக்களை அழித்தபின்னும் சுண்டெலியின் குடற்சுவர் புதுப்பிக்கப்படுவதைக் காட்டிற்று. வேறு உயிரணுக்கள் அப்பணியை ஏற்றன. புரதம் காட்டுவது ஓர் உயிரணு இன்று ஆற்றும் தொழிலை; நெருக்கடி நேர்ந்தால் அது யாதாக மாறவல்லது என்பதை அறிய, அடையாளத்தோடு நில்லாது, அதன் வழித்தோன்றல்களையும் பின்தொடர்தல் வேண்டும்.